வாய்விட்டு வாசிக்க எந்தக் கதை?

சென்னை நந்தனத்தில் ஜனவரி மாதம் நடக்கும் புத்தகக் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளோடு வரும் பெற்றோர், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இரண்டு வகைப் புத்தகங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, நூற்றுக்கு மேல் நீதிக் கதைகளை அடைத்து அட்டை கட்டிய தடித்த புத்தகம். இன்னொன்று, பக்கம் குறைவான, வழவழப்பான தாளில் அச்சடித்த படப்புத்தகம். தடித்ததன் விலைக்கு மெல்லியது இரண்டோ மூன்றோதான் வரும். நூறு கதையை விட்டுவிட்டு மூன்று கதையை வாங்குவதா என்று மனசு கணக்குப் போடும். பெரும்பாலும் தடித்த புத்தகம்தான் ஜெயிக்கும். வீட்டுக்குப் போனதும் அது அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொள்ளும்.

நான் பேசுவது மூன்றிலிருந்து ஆறு வயது வரையிலான பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெரியவர்கள் வாசித்துக் காட்டும் கதைகளைப் பற்றி மட்டும். எழுத்துக் கூட்டித் தானே படிக்கும் பிள்ளைக்குத் தேர்வு செய்வது வேறு விஷயம். கேட்கிற பிள்ளைக்குக் கதை காது வழியாகப் போவதால், முதல் சோதனை வாசிப்பவரின் நாக்குக்குத்தான். கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை முணுமுணுத்துப் பாருங்கள். “அடர்ந்த கானகத்தில் வாழ்ந்து வந்த சிங்கமொன்று நாள்தோறும் விலங்குகளை வேட்டையாடிப் புசித்து வந்தது” என்று இருந்தால், உங்கள் வாய் தானாகவே “ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சாம்” என்று மாற்றிக்கொள்ளும். ஒரு வரி என்றால் மாற்றலாம். பக்கம் முழுக்க அப்படியே என்றால், வேலை முடிந்து களைத்து வந்த ராத்திரியில் யாராலும் முடியாது. அது கெட்ட புத்தகம் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுச் சொல்வதற்கு அது உதவும். வாசித்துக் காட்டுவதற்கு உதவாது, அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனை, திரும்ப வாசிப்பது. பிடித்த கதையைப் பிள்ளைகள் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். முடிந்த கையோடு “இன்னொரு தடவை” வரும், அடுத்த நாளும் அதே கதைதான் வேண்டும் என்பார்கள். ஒரு திருப்பத்தை மட்டும் நம்பி நிற்கிற கதை இரண்டாம் நாளே உங்களுக்குச் சலித்துவிடும். உங்களுக்குச் சலித்தது உங்கள் குரலில் தெரியும். நூறு கதை இருக்கிற புத்தகத்தின் லாபம் இங்கேதான் அடிபட்டுப்போகிறது. அந்த நூறில் திரும்பத் திரும்பத் தாங்கக்கூடியவை எத்தனை என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, பஞ்சதந்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ் வீடுகளில் குழந்தைக் கதை என்றதும் முதலில் கைக்கு வருவது அதுதான். ஆனால் அது குழந்தைகளுக்காகப் பிறந்த நூல் இல்லை. விஷ்ணுசர்மா என்பவர் மூன்று மந்த புத்தி இளவரசர்களுக்கு ஆறு மாதத்தில் அரசியல் கற்றுக்கொடுக்கச் சொன்ன கதைகள் என்றுதான் அதுவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதல் தந்திரத்தின் பெயரே நட்பைப் பிரித்தல். தமனகன் என்ற நரி, பிங்களகன் என்ற சிங்கத்துக்கும் சஞ்சீவகன் என்ற காளைக்கும் இடையே கோள் மூட்டி, காளையைக் கொல்லவைத்து, கடைசியில் மந்திரியாக நிமிர்ந்து உட்காருகிறது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சிங்கமும் முயலும் கதையை மூல நூலில் சொல்வதும் அதே தமனகன்தான், சூழ்ச்சியால் பலசாலியைச் சாய்க்கலாம் என்று காட்டுவதற்காக! தாண்டவராய முதலியார் 1826-இல் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பஞ்சதந்திரத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலேயே அது தமிழ் படிப்பவர்களுக்கான பாடநூலாகப் பயன்பட்டது. பாடப்புத்தக வாடை இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை. ‘இக்கதையால் நாம் அறியும் நீதி’ என்ற கடைசி வரி அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதனால் மொத்தமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை, பொறுக்கி எடுக்கலாம். சிங்கமும் முயலும் கதை வாய்விட்டு வாசிக்கவே செய்துவைத்த மாதிரி இருக்கும். கிணற்றுக்குள் சிங்கம் கர்ஜிக்க, உள்ளேயிருந்து பதில் கர்ஜனை வருகிற இடத்தில் பிள்ளை கிணறாக மாறிவிடும். நீங்கள் கர்ஜித்தால் அது திருப்பிக் கர்ஜிக்கும். கொக்குகள் கவ்விப் பிடித்த குச்சியை வாயால் கடித்துக்கொண்டு ஆமை பறக்கிற கதையும் அப்படித்தான். வாயைத் திறக்குமா, திறக்காதா என்ற ஒரே கேள்வியில் கதை முழுக்க நிற்கிறது, முடிவு தெரிந்த பிறகும் அந்த இழுவை குறைவதில்லை. குரங்கும் முதலையும் முழுக்கப் பேச்சு. இரண்டு குரல் போடத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சில கதைகளைப் பிறகு வாசிக்கலாம் என்று ஒதுக்கிவைப்பேன். குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்றுவிட்டு, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவரும் கீரியை, அது குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று நினைத்து அடித்துக் கொல்கிற கதை அதில் முதலாவது. கதையில் சாவு வரக்கூடாது என்பது என் கட்சி இல்லை. கிணற்றில் சிங்கம் சாகும்போது எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. கொக்கின் கழுத்தை நண்டு நறுக்கும்போது கைதட்டுகிற பிள்ளைகள்தான் அதிகம். நல்லது செய்தவன் நம்பினவர் கையாலேயே சாகிறதுதான் நாலு வயசுக்குப் பெரிய பாரம். ஏழு எட்டு வயதில் அதே கதை மிக நல்ல கதை.

நீதி வரியை என்ன செய்வது? நான் வாசிப்பதே இல்லை. பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிப்போன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்ச்சிக்கு மயங்காதே என்பது புத்தகம் சொல்லும் நீதி. பிள்ளைக்கு வருகிற கேள்வி வேறு: “அப்ப பாட்டிக்கு வடை கிடைக்கவே இல்லையா?” திருடு போனவரைப் பற்றி அந்த நீதிக்குக் கவலையே இல்லை. வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடுகிற புத்திசாலிக் காக்கா பிற்பாடு வந்து சேர்ந்தது, அதிலும் பாட்டியின் பாடு அதேதான். நீதியை வாசித்து முடித்து வைத்தால் இந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

நகைச்சுவைக் கதைகளில் வயது ரொம்ப முக்கியம். பரமார்த்த குரு கதையை எழுதிய வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அது அச்சாகியிருக்கிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களின் பெயரை அடுக்கினாலே சிரிப்பு வரும். ஆனால் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருகிற கதைக்குச் சிரிக்க வேண்டுமானால் குதிரை முட்டை போடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை “குட்டி எப்ப வரும்?” என்று அக்கறையாகக் கேட்கும். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று எல்லாரும் அழுகிற கதை, பிள்ளை பத்து வரை எண்ணப் பழகிய பிறகு வாசித்தால்தான் அமர்க்களப்படும். எண்ணத் தெரிந்த கர்வத்தில் இருக்கும் ஐந்து வயதுக்கு அதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை. கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்து, ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கிற இடம் மட்டும் எந்த வயதுக்கும் சரி. அந்த ‘சொய்ங்’ சத்தம் போதும். மூலத்தின் நடை பதினெட்டாம் நூற்றாண்டு நடை என்பதால் எளிமையாகத் திரும்ப எழுதிய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

தெனாலிராமன் இந்த வயதுக்குக் கொஞ்சம் முன்னதாகவே நம் வீடுகளுக்குள் வந்துவிடுகிறார் என்பது என் எண்ணம். ராஜாவை மடக்கினால் அதில் என்ன வேடிக்கை என்று தெரிய, ராஜா என்றால் பயப்பட வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டுமே. கிணற்றில் நகைப்பெட்டி இருப்பதாக நம்பி ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சிக் கொடுக்கிற திருடர்கள் கதை விதிவிலக்கு. மரியாதைராமன் தீர்ப்புகளையும் ஆறு வயது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வேதாளம் இப்போதைக்கு முருங்கை மரத்திலேயே தொங்கட்டும்.

எந்தப் பதிப்பகமும் பெரிதாக விளம்பரப்படுத்தாத வாய்மொழிக் கதைகள்தான் மூன்று, நான்கு வயதுக்கு என் முதல் தேர்வு. தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். கொழு கொழு கன்றே, கன்றின் தாயே என்று ஆரம்பித்து, மேய்க்கிற ஆயன், அவன் கைக்கோல், கொடிமரம், கொக்கு, குளம், மீன், வலைக்காரன், சட்டி, குயவன், மண், புல், குதிரை என்று ஒவ்வொருவரிடமாக “என் பேர் என்ன?” என்று ஈ கேட்டுக்கொண்டே போகும். யாருக்கும் தெரியாது. கடைசியில் குதிரை கனைக்கும், அந்த ‘ஈஈஈ’யில் ஈக்குத் தன் பெயர் ஞாபகம் வந்துவிடும். ஊருக்கு ஊர் வரிசை கொஞ்சம் மாறும், கனைப்பு மட்டும் மாறாது.

இந்தக் கதையின் வேலைப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியில் ஒரு கண்ணி கூடுகிறது, முன்னால் வந்தவை அப்படியே திரும்ப வருகின்றன. மூன்றாவது சுற்றிலேயே பிள்ளை கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடும். நடுவில் நீங்கள் வேண்டுமென்றே நிறுத்தினால் அதுவே இட்டு நிரப்பும். மூச்சு வாங்காமல் கடகடவென்று ஒப்பிப்பது ஒரு விளையாட்டாகிவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. கன்றே, தாயே, கோலே, கொக்கே, மீனே என்று எல்லாமே விளித்துக் கூப்பிடுவது. இந்த இடத்தில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் சண்டை போடுவதில்லை. அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்கலாம், நாக்கு எதையும் மாற்றத் துடிக்காது. முடிவும் அறிவுரையாக இல்லாமல் ஒரு சத்தமாக இருக்கிறது. இவ்வளவும் கூடிவருகிற கதை தடித்த தொகுப்புகளில் அபூர்வம்.

வாய்மொழிக் கதைகளில் சிக்கலும் உண்டு. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு, பெயர் மறக்காமல் இருக்க “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே வருகிறவன் கதையைப் பாருங்கள். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா!” என்று குதிக்கிறான். அதோடு கொழுக்கட்டை மறந்து, வீட்டுக்குப் போய் மனைவியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்கிறான். இதுவரை பிரமாதம். பிள்ளை சோபாவிலிருந்து அத்திரிபாச்சா என்று குதித்துக்கொண்டிருக்கும். ஆனால் பழைய முடிவில் அவன் மனைவியை அடிக்கிறான். அடி வாங்கிய இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது என்று பேச்சு வர, அவனுக்குப் பெயர் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் இதற்கும் சேர்த்துச் சிரித்திருக்கிறார்கள். நான் அந்த முடிவை வாசிப்பதில்லை. அவசரத்தில் அவனே நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான், நெற்றி வீங்குகிறது, மனைவி பார்த்துவிட்டு “என்னங்க, கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கே” என்கிறாள். கதைக்குத் தேவை வீக்கம்தான், யாருக்கு என்பது சொல்கிறவர் கையில் இருக்கிறது. பாரம்பரியத்தைத் திருத்தலாமா என்று கோபித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாய்மொழிக் கதை வாய்க்கு வாய் மாறித்தானே நம்மிடம் வந்தது.

இப்படிப்பட்ட கதைகளுக்கு ஊற்று வேண்டுமென்றால் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் பெரியவர்கள் தங்களுக்காக வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் முன்னால் அப்படியே பிரிக்கிற புத்தகமில்லை, பெரியவர்களுக்கான கதைகளும் அதில் கலந்திருக்கும். நாலைந்து கதையை எடுத்து உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பழகலாம்.

அடுத்து, மெல்லிய படப்புத்தகங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா, 2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் என்று தமிழில் இப்போது நிறையக் கிடைக்கிறது. இவற்றின் பெரிய பலம், பாதிக் கதையைப் படம் சொல்லிவிடுகிறது. பக்கத்துக்கு இரண்டு வரி என்றால் அந்த இரண்டு வரிக்குப் பிறகு பிள்ளை படத்துக்குள் போய்த் தேட நேரம் கிடைக்கும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ராஜாவும் சிங்கமும் இல்லாமல் பேருந்து, மழை, பல் விழுவது, தம்பி பிறப்பது என்று பிள்ளையின் சொந்த உலகம் இவற்றில்தான் வருகிறது.

பலவீனம் மொழியில். இவற்றில் பல ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வருபவை. மூலத்தில் எதுகையோடு துள்ளிய வரி தமிழில் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், சத்தச் சொற்களைப் பாருங்கள். தமிழில் சலசல, கடகட, மொறுமொறு, தொபுக்கடீர், பொத்தென்று என்று எத்தனை இருக்கின்றன! அவை சரியான இடத்தில் விழுந்திருந்தால் மொழிபெயர்த்தவருக்குக் காது இருக்கிறது என்று அர்த்தம். அவற்றை விட்டுவிட்டு வேற்று மொழிச் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவைத்திருந்தால், மற்ற வரிகளும் அப்படித்தான் இருக்கும். இருமொழிப் புத்தகங்களில் இன்னொரு ஆபத்து நம்மிடமே இருக்கிறது. தமிழ் வரி கொஞ்சம் முரண்டு பிடித்தால் கண் மெல்ல ஆங்கில வரிக்கு நழுவிவிடும். தமிழ் கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் தமிழ் மட்டுமே இருக்கிற பதிப்பு கிடைக்கும்போது அதையே எடுங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம், வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் போடலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும். பிள்ளையைக் கூப்பிடும் முன் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. போனில் காட்டி வாசிப்பதை நான் தவிர்ப்பேன். பிள்ளையின் விரல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், உங்கள் வரி பாதியில் நிற்கும். கடையில் கொடுத்து அச்சடித்து நடுவில் பின் அடித்தால் போதும், அது புத்தகமாகிவிடும்.

அரசுப் பள்ளியில் படிக்கிற அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த சின்னச் சின்னப் புத்தகங்கள் அவை. பிள்ளைகள் தாங்களே படிப்பதற்காக வந்தவை என்றாலும், வார்த்தைகள் எளிமையாக இருப்பதால் வாசித்துக் காட்டவும் தோதாக இருக்கும். எனக்கு அந்தப் பெயர்களே பிடிக்கும். அம்புலிமாமா மீது பாசம் வைத்திருப்பவர்கள் பழைய இதழ்களை எடுத்துவருவார்கள். 1947-இல் தொடங்கிய பத்திரிகை அது, ஓவியங்கள் இன்றும் கண்ணை விட்டுப் போகாது. கதைகள் நீளம், எட்டு வயதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, பேச்சுத் தமிழுக்கு மாற்றுவதா என்று எல்லா வீட்டிலும் ஒரு வழக்கு ஓடும். மாற்றினால் பிள்ளை நல்ல தமிழைக் கேட்காமலே போய்விடும் என்று தாத்தா சொல்வார். மாற்றாவிட்டால் பிள்ளைக்குப் புரியாது என்று அம்மா சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வயதுதான் வேறு. நான்கு வயது வரை கதையைச் சொல்கிற வரிகளைத் தாராளமாகப் பேச்சுக்கு மாற்றலாம். ஆனால் திரும்பத் திரும்ப வருகிற வரி ஒன்று இருந்தால் அதை ஒரு எழுத்துகூட மாற்றாதீர்கள். பிள்ளை கொக்கி போட்டுப் பிடித்திருப்பது அந்த வரியைத்தான், ஒரு நாள் மாற்றிச் சொன்னால் உடனே திருத்தும். ஐந்து வயதிலிருந்து மெல்ல மெல்ல அச்சுக்குப் போகலாம். ‘இருந்தது’, ‘சொன்னது’, ‘கேட்டது’ எல்லாம் காதுக்குப் பழகிப்போன பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் அந்நியமாகத் தெரியாது. இதற்கும் சிங்கம் முயல் கதை போதும், கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் புதிதாக இருப்பது மொழி மட்டும்தான்.

வாங்கும் முன் வாசித்துப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அது எதை மறுபடி எடுத்து வருகிறதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். மற்ற ஊர்களில் கிளை நூலகம் இருக்கிறது. சிறுவர் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் கூச்சப்படாமல் சாவி கேளுங்கள், தேடி எடுத்துத் திறந்து விடுவார்கள்.